ரியாத்தா, ஜுபைலா?

சவூதியில் இருக்கும் என் கணவருக்கு ரியாத், ஜுபைல் என்று இரண்டு இடங்களில் புது வேலை கிடைத்தது. "பிள்ளைகளோட நீயும் வரணும். எந்த ஊருன்னு நீயே சொல்லு" என்றார். எங்கள் கடற்கரை ஊரான முட்டத்தை விட்டு வேறெங்கும் வாழ்ந்திராத எனக்கு ஒன்றும் புரியவில்லை. மதினி, ரியாத்தில் நல்ல ஸ்கூல் உண்டு என்றாள். அண்ணன், ஜுபைலில் கடல் உண்டு என்றார். நாளுக்கொன்றாக மாற்றிச் சொல்லி, கடைசியில் ரியாத் என்றேன்.

கணவர் ரியாத் வேலைக்குச் சம்மதக் கடிதம் அனுப்ப இருந்த அன்று, போனில் சும்மா கேட்டேன்.

"வேல முடிஞ்சி எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவிய?"

"ஏட்டி, ஆபீஸ்தான் ரியாத்துல. சைட்டு தூரத்துல, பாலைவனத்துல. மாசம் ஒருக்கத்தான் வருவேன்."

"பின்ன நாங்க அங்க தனியாவா? இத ஏன் முதல்லயே சொல்லல?"

"நீ ஸ்கூல் உண்டான்னுதானே கேட்ட?"

இப்போது, அவர் தினமும் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஜுபைலில் இருக்கிறோம். இங்கும் எனக்குத் தெருக்கள் குழம்புகின்றன. ஆனாலும் யார் வெளிநாட்டு ஊர் பெயர் சொன்னாலும், தினமும் ஆள் வீட்டுக்கு வர முடியுமா என்றுதான் முதலில் கேட்கிறேன்.