திருப்பிக் கொடுத்த கேடயங்கள்

தாராவியில் நான் பிறந்த சால் எனும் வரிசை வீடுகளை இடித்துக் கட்டப்போகும் கட்டடத்தில், கபடிக்கென்று ஓர் அறையையும் அதையொட்டிய திறந்த இடத்தையும் ஒதுக்கியிருந்தார்கள். குழுக்களோ இரண்டு. அதிகம் ஜெயித்த குழுவுக்கே இடம் என்று குடியிருப்போர் கமிட்டி முடிவு செய்தது. பழைய ஆட்டங்களின் விவரங்களைத் தேதி வாரியாகச் சேர்த்து வைப்பது என் பழக்கம். அதனால் ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை, செம்பூருக்குக் குடிபோய்விட்ட என்னிடம் வந்தது.

மூத்த குழு, துணி மில்கள் ஓடிய காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் தொடங்கியது. அதன் பழைய கேப்டன் இன்றும் மாலைதோறும் மண்தரையில் பயிற்சி கொடுக்கிறார். அந்தத் தரையும் இடிப்பில் போகிறது. புது இடம் கிடைக்காவிட்டால் குழு கலைந்துவிடும்.

முதலில் இளைய குழுவிடம் போனேன். அலமாரி கொள்ளாமல் கோப்பைகள். "எண்ணிக்கோங்க அங்கிள், ஆராம்ஸே, மெதுவா" என்றார் செயலாளர். பிறகு கேப்டனின் வீடு. அலமாரியில் ஒரு சாமி படமும் ஒரு குக்கரும்தான் இருந்தன.

"கப்பு எங்க அண்ணாச்சி?"

"அந்தா குக்கர் இருக்குல்லா, அது செமி ஃபைனல்ல தோத்ததுக்குக் குடுத்தது."

"ஜெயிச்சதுக்கு?"

"ஜெயிச்சா ஷீல்டு. வருசம் முடிஞ்சதும் தொடச்சுத் திருப்பிக் குடுத்திரணும்லா. வச்சுக்கிட்டா களவாணிம்பான்."

அன்று சுழற்கேடயங்கள்தாம் பரிசு. ஜெயித்தவர்களின் பெயரைச் சிறு தகட்டில் வெட்டிக் கேடயத்தில் பதிப்பார்கள். மில்கள் மூடியபின் அவை எங்கே போயினவோ. மாட்டுங்காவில் ஒரு பழைய சங்கக் கட்டடத்தின் பரணில் மட்டும் ஒரு கேடயம் அகப்பட்டது. மூத்த குழுவின் பெயர் அதில் அடுத்தடுத்த தகடுகளில் இருந்தது. மற்ற வெற்றிகளைப் பழைய நாளிதழ்களில் தேடி உறுதிசெய்தேன்.

எழுத உட்கார்ந்தபோதுதான் கஷ்டம் தொடங்கியது. மூத்த குழு ஜெயித்ததெல்லாம் அதே சில மில் அணிகளை. இளைய குழு ரப்பர் மேட் விரிப்பில், ஷூ போட்டு, கோலாப்பூர் வரை போய், சம்பளத்துக்கு ஆடுகிறவர்களோடு மோதுகிறது. இன்றைய மூன்றாமிடம் அன்றைய முதலிடத்தைவிடக் கடினமாக இருக்கலாம். அதே சமயம், ஷிஃப்ட் முடிந்த உடம்போடு வெறுங்காலில் ஆடியவர்களை எந்த எண்ணால் அளப்பது? இரு காலத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது, கோப்பைகளை எண்ணுவது சரியான வழியல்ல என்று எழுதிக் கொடுத்தேன். அது இருவருக்கும் நியாயம் என்று நினைத்தேன்.

கமிட்டித் தலைவர் அதைக் கூட்டத்தில் வாசித்தார். "பெரியவங்க டீம்தான் பெருசுன்னு சார் சொல்லலையே. அப்ப கப்பையே எண்ணிருவோம்."

நான் எழுந்து, கேடயங்களைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தைச் சொன்னேன்.

"திருப்பிக் குடுத்ததுக்கு ரசீது இருக்கா சார்?" என்று கேட்டார் தலைவர்.

கூட்டம் சிரித்தது. மாட்டுங்காவில் பார்த்த தகடுகளையும் நாளிதழ்ச் செய்திகளையும் சொன்னதும், கணக்கெழுதுபவரிடம், "பேப்பர்ல வந்தது கப்பு ஆகுமா? ஒரு ஷீல்டுதானே, எழுதிக்கோ, ஒண்ணு" என்றார். இடம் இளைய குழுவுக்குப் போனது.

வாசலில் கேப்டன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லும். அந்தக் காலத்துல எங்கள விடப் பெரிய டீம் இருந்துச்சா?"

"இல்ல அண்ணாச்சி."

"அத மட்டும் எழுதிருக்கலாம்லா?"

அது உண்மைதான். ஆனால் அதை மட்டும் எழுதியிருந்தால் ஒப்பீடு ஆகியிருக்காது. பயிற்சிக்கு நேரமாகிவிட்டதென்று அவர் மண்தரைப் பக்கம் நடந்தார்.