ஐம்பத்தாறு கறுத்த டேப்புகள்

நல்ல கிருமி என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகச் சொன்ன அந்த நிமிஷமே, டாக்டரம்மா அவர் பார்வையில் தற்குறியாகிவிட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் தலையாட்டினார். ஆனால் மனசுக்குள் டாக்டரம்மாவின் பட்டத்தைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டாயிற்று.

அவர் சாதாரண ஆள் இல்லை, அவர் நினைப்பில். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஆபரேஷன் கத்தி, கத்தரி, இடுக்கிகளை ஆட்டோக்ளேவ் என்ற ராட்சதப் பானையில் அடுக்கி ஆவியில் கிருமி நீக்குவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷம். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு டேப் ஒட்டுவார்கள். உள்ளே போகும்போது அதில் வெளிறிய கோடுகள் இருக்கும். சூடு சரியாக ஏறியிருந்தால் கோடுகள் கறுத்து வெளியே வரும். கறுத்தால் கிருமி செத்தது. அந்தக் கறுப்பைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வருகிற திருப்தி, தன் கல்யாணப் படத்தில்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'சுத்தம்' என்று பெயர். முகத்துக்கு நேரே 'சுத்தம் சார்' என்பார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்கிற அளவுக்கு வெகுளி. வெகுளித்தனம் அந்த ஒரு விஷயத்தில்தான். மற்றபடி மனிதகுலமே அவருக்கு இளக்காரம். ஆபரேஷன் செய்கிறவர்களுக்குக் கை கழுவத் தெரியாது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிறவர்கள் ஜடங்கள். கைகுலுக்க நீட்டுகிறவன் எதிரி. மனைவியின் தங்கை வீட்டுக்கு வந்தால், அவள் தண்ணீர் குடித்த டம்ளரை அவள் படி இறங்குவதற்குள் குக்கரில் போட்டு விசில் வைத்துவிடுவார். அவளும் கடைசிப் படியில் நின்று, விசில் சத்தம் கேட்டபிறகே போவாள்.

சமையலறை அவர் ராஜ்யம். மனைவிக்கு அங்கே வேலையில்லை, அனுமதியும் இல்லை. அவளுக்குப் பெருங்குடலில் புண். எட்டு வருஷமாக வருவதும் அடங்குவதுமாக இருந்தது, இந்த வருஷம் அடங்க மறுத்தது. ஒரு நாளைக்குப் பதினோரு தடவை கழிவறைக்கு ஓட்டம். இதில் கொடுமை என்னவென்றால் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஒரு பாடம் முக்கால் மணி நேரம். ஒரு நாள் ஒரு பேங்க் குமாஸ்தாவை நாற்சந்தியில் ஸ்டியரிங்கோடு அநாதையாக விட்டுவிட்டு, எதிரே இருந்த பெட்ரோல் பங்குக்கு ஓடினாள். அந்த ஆள் பயத்தில் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. பயிற்சிப் பள்ளி முதலாளி நல்லவர்தான். "ரெண்டு மாசம் பார்க்கறேன்மா. அதுக்கு மேல வேற ஆளைப் போட்டுடுவேன். என்னைத் தப்பா நினைக்காதீங்க" என்றார்.

அந்த வேலை அவளுக்கு வெறும் வேலை இல்லை. ஆஸ்பத்திரி வாடையும் டெட்டால் வாடையும் இல்லாத ஒரே இடம் அந்தப் பழைய கார்தான். அதை விடுவது என்றால் உயிரை விடுவது போலத்தான் அவளுக்கு.

அதனால்தான் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த பொடியை அவள் அப்படி நம்பினாள். உயிருள்ள நுண்கிருமிகள் அடங்கிய பொடி. "மருந்துக்குப் பதிலா இல்லை, மருந்தோட சேர்த்து. உதவலாம், உதவாமலும் போகலாம். எட்டு வாரம் ஒருநாள் விடாம சாப்பிடுங்க. கேட்கலைன்னா நிறுத்திட்டு அடுத்ததைப் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

சுத்தம் சார் வீட்டுக்கு வந்து பொடிப் பெட்டிக்குள் இருந்த காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் டாக்டரிடம் கேட்டே சாப்பிடவேண்டும் என்று ஒரு வரி இருந்தது. மனைவி சாப்பிடுகிற மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. டாக்டரம்மா அதையும் யோசித்து, இந்த அளவு மாத்திரைக்கு ஆபத்தில்லை என்று அவர் எதிரிலேயே சொல்லியிருந்தார். அவர் காதில் அது ஏறவில்லை. அவர் பயந்தார். பெண்டாட்டிமேல் இருந்த பிரியத்தில்தான் பயந்தார், அதை மறுக்கமுடியாது. பயத்துக்கு மரியாதை கொடுக்கலாம். அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்துக்குக் கொடுக்கமுடியாது.

பொடியைத் தண்ணீரில் கலக்கி, ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து, அதன்மேல் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த டேப்பை ஒட்டி, குக்கருக்குள் இறக்கி அரைமணி நேரம் ஆவி காட்டினார்.

அவர் கண்டுபிடித்த சித்தாந்தம் இது: கிருமி என்பது பொடி செய்கிற இடத்தில் ஒட்டிக்கொண்டது. அதைக் கொன்றுவிட்டால் சத்து மட்டும் மிஞ்சும். கிருமிதான் மருந்தே என்பது அந்த மண்டைக்குள் நுழைய வழியில்லை. நுழைந்திருந்தால் அங்கேயும் ஆவி காட்டியிருப்பார். ஆறவைத்து, டேப்பை உரித்து, டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

"என்னங்க, தீஞ்ச பால் வாடை வருது?"

"மருந்துன்னா அப்படித்தான் இருக்கும். மூக்கைப் பிடிச்சிட்டுக் குடி."

குடித்தாள். மறுநாளும் குடித்தாள்.

அவர் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினார். ஆஸ்பத்திரிப் பழக்கம். இடது பக்கம் தேதியும் அன்றைய டேப்பும். வலது பக்கம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியிடம் கேட்டு எழுதுகிற எண். "இன்னிக்கு எத்தனை தடவை?" பதினொன்று. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. எழுதி முடித்ததும் பக்கத்தைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் ரசிப்பார். வரிசையாகக் கறுத்த டேப்புகள், ஒன்றுகூட வெளிறவில்லை.

எட்டு வாரம் முடிந்தது. டாக்டரம்மாவின் அறையில் மனைவி மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலாளி கொடுத்த கெடுவில் மூன்று நாள்தான் பாக்கி.

"ஒண்ணும் குறையலை டாக்டர்."

"ஒருநாளும் விடாம சாப்பிட்டீங்களா?"

மனைவி பதில் சொல்வதற்குள் அவர் பையைத் திறந்தார். இந்த ஒரு கேள்விக்காகத்தானே எட்டு வாரம் காத்திருந்தார்! நோட்டை மேஜைமேல் வைத்து டாக்டரம்மா பக்கம் திருப்பினார். "ஐம்பத்தாறு நாள் டாக்டர். ஒரு நாள் விடலை. ஆதாரம் இருக்கு பாருங்க."

டாக்டரம்மா ஒரு டேப்பை விரலால் தடவிப் பார்த்தார். "இது ஆஸ்பத்திரியில ஒட்டுற ஸ்டெரிலைசேஷன் டேப் மாதிரி இருக்கே?"

"அதேதான்!" தலைமுறைக்கு ஒரு தடவை கிடைக்கிற பாராட்டு கிடைத்துவிட்ட மாதிரி அவர் நிமிர்ந்தார். "எல்லாமே கறுத்திருக்கு பாருங்க. நூத்தி இருபது டிகிரிக்கு மேல. ஒரு பூச்சிகூடப் பிழைச்சிருக்காது."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். மனைவி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். இருபது வருஷமாக அந்த டேப்போடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"பொடியை வேகவெச்சீங்களா?"

"சுத்தம் பண்ணேன்மா. உனக்காகத்தான்..."

"அப்ப நான் ரெண்டு மாசமா என்ன குடிச்சேன்?"

டாக்டரம்மாதான் பதில் சொன்னார். "பிணத் தண்ணி." பிறகு தன் வார்த்தைக்குத் தானே கூசியதுபோல, தொண்டையைச் செருமிக்கொண்டு, மாத்திரை அளவை மாற்றி எழுதினார். "பொடி கேட்குதா கேட்கலையான்னு இப்ப எனக்கே தெரியாது. திரும்ப முதல்லேருந்து எட்டு வாரம். இந்தத் தடவை அவர் பக்கத்துல வரக்கூடாது."

மூன்றாம் நாள் முதலாளி போன் செய்தார். அவள் "சரி சார், பரவாயில்லை சார்" என்றாள். வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவர் கதவுக்கு வெளியே நின்றார். கைப்பிடியைத் துடைக்கவேண்டும் என்று தோன்றியது. அப்போதும் அதுதான் தோன்றியது.

மறுநாள் காலையில் அவள் சமையலறைக்குள் நுழைந்தாள். அனுமதி கேட்கவில்லை. பச்சைத் தண்ணீரில் பொடியைக் கலக்கினாள். டேப் ரோலிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து டம்ளர்மேல் ஒட்டினாள். குடித்தாள். டேப்பை உரித்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஒட்டுங்க."

"இது கறுக்கவே இல்லையே?"

"கறுக்கக் கூடாது. ஒட்டுங்க."

ஒட்டினார். தினமும் ஒட்டினார். ஒவ்வொரு வெளிறிய டேப்பையும் ஒட்டிவிட்டுப் போய்க் கை கழுவினார். வலது பக்கத்து எண்ணை இப்போது அவளே எழுதினாள். பத்து, ஒன்பது, ஒன்பது, ஏழு. பொடியாலா, மாற்றிய மாத்திரையாலா என்று டாக்டரம்மாவாலேயே அறுதியிட்டுச் சொல்லமுடியவில்லை. ஆனால் ஏழு ஏழுதான். தெருவில் பயிற்சிப் பள்ளியின் கார் போகும்போது அவள் ஜன்னலிலிருந்து பார்ப்பாள். பக்கத்து இருக்கையில் வேறொருத்தி இருந்தாள்.

ஐம்பத்தாறாவது வெளிறிய டேப்பை ஒட்டிவிட்டு, அவர் மன்னிப்பை எதிர்பார்க்கிற முகத்தோடு நோட்டை நீட்டினார். அவள் வாங்கி, பழைய பக்கங்களைப் புரட்டி, ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்தப் பக்கம் கறுப்பு. இந்தப் பக்கம் பதினொண்ணு. ஒட்டினதும் எழுதினதும் உங்க கைதானே?"

"ஆமாம்மா."

"அம்பத்தாறு நாளும் என்கிட்ட எத்தனை தடவைன்னு கேட்டீங்க. ஒரு நாளாவது நான் சொன்னதைப் படிச்சீங்களா?"

அவர் நோட்டைப் பார்த்தார். கண் தானாக இடது பக்கம் போய் நின்றது.