ரீல் விட்ட ஞாயிற்றுக்கிழமை

மாமாவை எனக்குப் பிடிக்காது. என் அக்காவைக் கட்டிய நாளிலிருந்தே பிடிக்காது. வாயைத் திறந்தால் போதும், கேட்காத ஆளுக்கும் பாடம் எடுப்பார். அவரோடு நான் ஏரிக்குப் போனேன் என்றால் அது அக்காவுக்காக மட்டும்தான்.

அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன். வீட்டுக்கு வந்த பிறகும் சோறு இறங்கவில்லை. தையல் ஆற விரால் மீன் கொடுங்கள் என்று தெருவில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அவளோ, "தொட்டியில வளத்தத வாங்கினு வராதீங்கடா. ஏரி விரால்னா ரெண்டு வாய் துன்றேன்" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் தானாக வாய்விட்டுக் கேட்ட சாப்பாடு அதுதான்.

நான் கடலோரக் கத்திவாக்கத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் எல்லோரும் கடலில் வெறும் தூண்டில் நரம்பைக் கையால் பிடித்து மீன் இழுத்தவர்கள். ஏரி விராலுக்கு அது ஆகாது. முள் வைத்த ரப்பர் தவளையைத் தூரமாக வீசிச் சுற்றி இழுக்க ராடும், நரம்பைச் சுற்றும் ரீலும் வேண்டும். என்னிடம் இருந்தது பிளாஸ்டிக் ரீல். கைப்பிடி லொடலொடவென்று ஆடும். மாமாவுடையது பளபளவென்று மெட்டல். ஒரு தட்டுத் தட்டினால் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

வண்டியில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டார்.

"உன்னுதுல பேரிங்கே இல்ல மச்சான். என்னுது வெண்ண மாரி சுத்துது. டிராக்க பாரு, எப்டி கீது!"

டிராக் என்பது, மீன் முரட்டுத்தனமாக இழுக்கும்போது அறுந்துபோகாமல் நரம்பை விட்டுக்கொடுக்கும் திருகு. எனக்குத் தெரியாதாக்கும்! "ரீலு சுத்துறது இருக்கட்டும் மாமா, மீனு மாட்டுதா பாக்கலாம்" என்றேன்.

ஏரியில் அவருடைய வீச்சு என்னுடையதைவிட இரண்டு பங்கு தூரம் போனது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் விரால் கடித்தது என் தவளையை. தாமரை இலைகளுக்கு நடுவில் தண்ணீர் வெடித்தது. நான் சுற்றச் சுற்ற என் ரீல் கிர்ரென்று நரம்பை வெளியே விட்டுக்கொண்டே இருந்தது. என் கை தானாகக் கைப்பிடியை விட்டுவிட்டு நரம்பைப் பிடித்தது. கடலில் பழகிய கை, வேறென்ன செய்யும்?

"அய்ய, கைய எடு! டிராக்க டைட் பண்ணு!"

"நீ சும்மா இரு மாமா! வந்துகினு கீது!"

வந்துகொண்டுதான் இருந்தது. நரம்பு விரலை அறுத்து ரத்தம் வந்தது, நான் விடவில்லை. கரையோரம் விராலின் தலை தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அந்த மனுஷன் பாய்ந்து என் ராடைப் பிடுங்கினார். நரம்பு என் கையிலிருந்து நழுவியது. அவர் திருகை முழுக்க இறுக்கினார். மீன் ஒரு துள்ளுத் துள்ளியது. பட்டென்று நரம்பு அறுந்தது.

வழி நெடுகச் சண்டை. என் ஓட்டை ரீலால் போனது என்று அவர், அவர் பிடுங்கியதால் போனது என்று நான். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

வீட்டில் அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மீன் குழம்புக்குத் தானே புளி கரைத்து வைத்திருந்தாள். எங்கள் வெறுங்கையைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேரிங், டிராக் என்று ஆரம்பித்தோம்.

"ரெண்டு பேரும் ரீலு வுட்டது போதும்" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை. மெல்ல எழுந்து போய்ப் புளித்தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.