புல்லுருவி கொண்டுவந்தவர்கள்

மருந்துக் கடைக்காரர்களே, நம் தொழிலில் விற்பது சுலபம். "இதைச் சாப்பிடாதீங்க" என்று ஒருவரை நம்பவைப்பதுதான் பெரும்பாடு. மரக்கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவி விஷயத்தில், வளைகுடா நாட்டில், கராமா மருந்துக் கடையில் நான் பட்ட பாடு இது.

லீவு வசியம்

கட்டட வேலை செய்யும் புதுக்கோட்டைக்காரர் மாரிமுத்து, காய்ந்த குச்சி ஒன்றைக் கவுன்டரில் வைத்தார். நல்ல நட்சத்திரத்தில் எடுத்த புல்லுருவியாம், வசியத்துக்கு உகந்ததாம். தங்கை கல்யாணத்துக்கு லீவு தராத ஃபோர்மேனின் டீயில் எவ்வளவு பொடி போடலாம் என்று கேட்டார்.

"அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கு லீவு இல்ல, ஜெயில்தான்" என்று சொல்லி, லீவு கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் சிரித்துக்கொண்டே வந்தார். "லீவு கெடச்சிருச்சு சார். உங்க லெட்டர் பாதி, பாக்கெட்ல இருந்த இந்தக் குச்சி பாதி."

வெள்ளைப் பழம்

டிசம்பரில் ஒரு தாய், இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வெள்ளைக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிட்டு, அடியில் நின்று முத்தமிட்டுக்கொள்வார்களே, அந்தப் புல்லுருவிக் கொத்திலிருந்து வெள்ளைப் பழத்தைக் குழந்தை விழுங்கிவிட்டதாம். அந்தப் பழம் விஷம். கொத்தை வாங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக்!

"பிளாஸ்டிக் மணியா இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும்மா" என்று டாக்ஸியை நானே நிறுத்தினேன். ஏறும்போது அவர் சொன்னார்: "நல்லவேளை, மலிவா வாங்கினேன்!"

கஷாயம்

அல் குசைஸில் இருக்கும் எஞ்சினியர் ராமநாதன் சார், மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்குபவர். ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நாடி விட்டு விட்டுத் துடித்தது. பிரஷர் பயங்கரமாக இறங்கியிருந்தது. விசாரித்தால், பத்து நாளாக மாத்திரையோடு மாமரப் புல்லுருவிக் கஷாயமும் குடிக்கிறாராம். வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியம்.

"அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தா சரியாயிடும். ஆபீஸ்ல மீட்டிங் இருக்கு" என்று எழுந்தார். நான் கதவை மறித்து நின்றேன். கோபப்பட்டார், கத்தினார், ஆம்புலன்ஸ் வரும்வரை நான் நகரவில்லை. டாக்டருக்குக் காட்ட, அவர் பையிலிருந்த கஷாய பாட்டிலையும் கூடவே அனுப்பினேன்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து தேறினார். பிறகு மனைவியோடு கடைக்கு வந்தார். அந்த அம்மா தலைகுனிந்தபடி மெல்லச் சொன்னார்: "அந்த வாட்ஸ்அப்பை இவருக்கு அனுப்பினதே நான்தான் தம்பி."

"இயற்கை மருந்துதானே, ஒன்றும் செய்யாது" என்பவர்கள், ஏதோ செய்யும் என்று நம்பித்தானே அதைக் குடிக்கிறார்கள்!