என் மகளுக்குச் சுடாத கல்

கர்த்தருடைய பிள்ளைகளுக்கு இந்தக் கிழவியின் தோத்திரம்.

சாட்சி சொல்லுகிற நேரம் வந்தால் நான் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வது உங்களுக்கெல்லாம் தெரியும். நாலு பேர் என்னைப் பார்த்தால் போதும், எனக்கு வாய் அடைத்துப்போகும். இந்தத் தடவை போதகர் வீட்டம்மா விடவில்லை. "பேச வராட்டி எழுதிக் குடுங்க ஆயா, நான் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்கள். அஞ்சாவது வரைக்கும் படித்த எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆந்திரா தனி மாநிலமாகிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று தெருவெல்லாம் அதே பேச்சு. எங்கள் வீட்டில் கவலையே வேறு. என் ஒரே மகள் தயாமணிக்கு ஒன்பது வயதிலேயே சர்க்கரை வியாதி வந்துவிட்டது. கிழவர்களுக்கு வருகிற வியாதி பிள்ளைக்கு எப்படி வந்தது என்று கேட்காத ஆள் இல்லை. தினமும் ஊசி. இன்சுலின் புட்டியை ஈர மணல் சட்டியில் புதைத்து வைப்பேன். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைப்பேன். சிறுநீரில் நீல மருந்தைச் சேர்த்துக் காய்ச்சிப் பார்ப்பேன். நீலம் நீலமாகவே இருந்தால் எங்கள் வீட்டில் தோத்திரம். செங்கல் நிறமாக மாறினால் சர்க்கரை ஏறியிருக்கிறது, ஜெபம். இப்படியே அவள் வளர்ந்து பெரிய பெண்ணாகிவிட்டாள்.

சித்தூரில் சிறுபிள்ளைகளைப் பார்க்கும் டாக்டர் ஐயா ஒருவர்தான் அவளை ஆரம்பத்திலிருந்து பார்த்துவந்தார். தங்கமான மனுஷர். "நல்லா துன்றாளா? தூங்குறாளா?" என்று என்னைக் கேட்பார். நான் தலையாட்டுவேன். அதற்கே மருந்து எழுதிவிடுவார். தயா முக்காலியில் உட்கார்ந்து சுவரில் மாட்டியிருந்த கிளிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மாநிலம் பிரிந்ததும் அவர் மெட்ராஸ் பக்கம் போய்விட்டார். போகும்போது சொன்னார்: "இவ இனிமே குழந்தை இல்லம்மா. பதினெட்டு ஆகப்போவுது. பெரியவங்களைப் பாக்கற டாக்டர்கிட்டதான் போகணும். திருப்பதியில ஒருத்தர் இருக்கார்."

தயா மாட்டேன் என்றாள். "அங்க எல்லாம் தாத்தாங்களா குந்திக்கினு இருப்பாங்க. நான் போமாட்டேன்." எனக்கும் பயம். புது டாக்டர், பேசுவது தெலுங்கு, நானோ தமிழிலேயே வாய் திறக்காதவள். பழைய அளவிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தினோம்.

அப்போதுதான் அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை வந்தது.

பன்னிரண்டு மணிக்குத் தொடங்குகிற மும்மணி ஆராதனை மூன்று மணிக்கு முடிகிறபோது எப்படிப்பட்ட வெயில் என்று உங்களுக்குத் தெரியும். நம் கோயில் வாசலிலிருந்து வேப்பமரம் வரைக்கும் கருங்கல். செருப்பெல்லாம் மரத்தடியில். வெளியே வந்தால் அந்தக் கல் தோசைக்கல்தான். பெரியவர், சின்னவர் என்றில்லை, வேட்டியையும் புடவையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்து ஓடுவார்கள். பாட்டு வாத்தியார் துள்ளுகிற அழகைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகள் முன்னால் ஓடிப் போய் நிற்கும்.

அன்றைக்குத் தயா மட்டும் ஓடவில்லை. பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி மெள்ள நடந்தாள். பாதிக் கல்லில் நின்று பின்னால் வந்த சிநேகிதியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நம் சபை மூப்பர் ஆசீர்வாதம் அதைப் பார்த்துவிட்டார். அவருக்குக் குரல் பெரிசு.

"பாருங்கடா அந்தப் பொண்ணை! ஆண்டவரு நமக்காக ஆணி வாங்கினாரு. நீங்க ஒரு கல்லு சூட்டுக்கு இந்தக் குதி குதிக்கிறீங்க. விசுவாசம்னா அதான் விசுவாசம்!"

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் அவள் பாயில் கால் நீட்டி உட்கார்ந்தாள். நான் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலிலும் அப்பளம் பொரிந்தது போலக் கொப்புளம்.

"இன்னாடி இது? வலிக்கலியா?"

"எதும்மா?" என்று அவள் குனிந்து பார்த்தாள்.

அந்த "எதும்மா" என்ற ஒரு வார்த்தையில் எனக்குப் புரிந்துவிட்டது. அது விசுவாசம் இல்லை ஐயா. என் பிள்ளைக்குச் சுடவே இல்லை.

வலது கால் ஆறியது. இடது காலில் கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து குழியாகிவிட்டது. மஞ்சள் வைத்தேன், எண்ணெய் வைத்தேன். சீழ் வந்தது, நாற்றமும் வந்தது. காய்ச்சிப் பார்க்கிற மருந்து தினமும் செங்கல் நிறம். பக்கத்து வீட்டுக் காந்தம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சக்கரைப் புண்ணுன்னா காலை எடுத்துடுவாங்களாமே அக்கா" என்று சொல்லிப் போட்டுப் போனாள். தயா அதைக் கேட்டுவிட்டாள். "ஒரு கால் போனா செருப்புச் செலவு பாதிதாம்மா" என்று சிரித்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

நான் அடுப்படியில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என் பிள்ளையின் காலைக் காப்பாற்றும். அந்த டாக்டர் முன்னால் நிற்க எனக்கு ஒரு வாயைக் கொடும். எல்லாவற்றையும் நான் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்." வேறு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை. இதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் சித்தூர் – திருப்பதி பஸ் ஓட்டினவர். அவர் பஸ்ஸிலேயே எங்களை முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். வழியில் எல்லை விஷயமாக ஒரு ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. சித்தூர் எங்களுடையது என்று கத்தினார்கள். அவர் தலையை வெளியே நீட்டி, "சித்தூரை நீங்களே வச்சிக்கங்க நைனா, ரோட்டை மட்டும் எனக்குக் குடுங்க, பொண்ணை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்" என்றார். கூட்டம் சிரித்துக்கொண்டே வழி விட்டது. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டதற்கு அதுவே முதல் அடையாளம் போல எனக்கு இருந்தது.

ஆஸ்பத்திரியில் தயா சொன்னது போலவே தாத்தாக்கள்தான். பெஞ்சு நிறைய தாத்தாக்கள். வழியெல்லாம் நான் சொல்ல வேண்டியதை மனசுக்குள் பாடம் பண்ணிக்கொண்டே வந்திருந்தேன். பேர் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். டாக்டர் சின்ன வயசு. குனிந்து எதையோ எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் நாற்காலியைக் காட்டினார். தயா எனக்குப் பின்னால் நின்றாள். நான் உட்கார்ந்தேன். அவ்வளவுதான், பாடம் பண்ணினதெல்லாம் பறந்துபோயிற்று. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அவர் எழுந்து வந்து ஒரு சின்னச் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். என் கால் தானாக எழும்பி மேசைக்குக் கீழே இருந்த தகரக் கிண்ணத்தை ஓர் உதை விட்டது. அது கணகணவென்று உருண்டு வாசல் வரைக்கும் போயிற்று. வெளியே இருந்த தாத்தாக்கள் எல்லாம் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். நான் வெட்கத்தில் செத்தேன். டாக்டர் விடவில்லை. முள்கரண்டி மாதிரி இரண்டு பல் வைத்த ஓர் இரும்பைத் தட்டி என் கட்டைவிரலில் வைத்தார். வண்டு உள்ளே புகுந்தது போலக் குர்ரென்றது. "தெரியுதா?" என்று தெலுங்கில் கேட்டார். அவ்வளவு தெலுங்கு எனக்குப் புரியும். தலையாட்டினேன்.

"உன் நரம்பு எல்லாம் இரும்பாட்டம் இருக்கே. உனக்குச் சர்க்கரைன்னு யாரும்மா சொன்னாங்க?"

எனக்கு வாய் வரவில்லை. ஆண்டவரே, இப்போது கொடும், இப்போது கொடும் என்று உள்ளுக்குள் கெஞ்சுகிறேன். பின்னால் தயா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. அப்புறம் முன்னால் வந்து, பள்ளிக்கூடத்தில் படித்த தெலுங்கில் சொன்னாள்.

"டாக்டர்காரு, பேஷண்டு நேனு. அது எங்க அம்மா."

டாக்டரும் சிரித்துவிட்டார். என்னை எழுப்பி அவளை உட்கார வைத்தார். பிறகு அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்து, "செப்பம்மா, நீயே செப்பு" என்றார்.

அவள் சொன்னாள். முதலில் எறும்பு ஊறினது போல இருந்ததாம். ராத்திரிகளில் பாதம் நெருப்பாக எரிந்ததாம். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை, பஞ்சின் மேல் நடக்கிறது போல இருந்ததாம். செருப்பு காலை விட்டுக் கழன்று விழுந்தாலும் தெரியாமல் நாலு அடி நடந்திருக்கிறாளாம். ஒரு வீட்டில், ஒரே அறையில் படுக்கிற எனக்கு இது ஒன்றும் தெரியாது.

"ஏம்மா, இதை முன்னாடியே யார்கிட்டயும் சொல்லலை?"

"யாரும் என்னைக் கேக்கலை சார். எங்க டாக்டர் ஐயா அம்மாவைத்தான் கேப்பாரு. என் கால்ல எறும்பு ஊறுறது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

அவர் அந்த இரும்பைத் தட்டி அவள் கட்டைவிரலில் வைத்தார். "அதிர்றது நின்னதும் சொல்லு" என்றார்.

"நின்னுடுச்சு" என்றாள் உடனே.

டாக்டர் என் கையைப் பிடித்து என் விரலை அந்த இரும்பின் மேல் வைத்தார். அது நிற்கவில்லை. வண்டு இன்னும் பாடிக்கொண்டிருந்தது. கணுக்காலுக்கு மேலே கொண்டுபோய் வைத்த பிறகுதான், "ஆங், இப்போ தெரியுது. எங்க பாட்டு வாத்தியார்கிட்ட இதாட்டம் ஒண்ணு இருக்கு சார், சுருதி குடுக்கறதுக்கு" என்றாள்.

நான் அழுதேன். டாக்டர் புண்ணைக் கழுவி, கம்பி விட்டுப் பார்த்தார். அவர் சொன்னதை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாததால் நரம்பு அடிபட்டிருக்கிறது. ஆனால் புண் எலும்புக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் தங்கி, காலைத் தரையில் ஊன்றாமல் இருந்தால் கால் பிழைக்கும். "ஒண்ணு மட்டும் சொல்றேன்" என்றார் டாக்டர். "நான் சொல்றதை உங்க அம்மா கேட்டா பத்தாது. நீ கேக்கணும்."

பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். பென்சிலின் போட்டார்கள். இன்சுலின் அளவை மாற்றினார்கள். அவளே ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். நான் ஊசியை வாங்கப் போனால் நர்சம்மா என் கையைத் தட்டிவிடுவார். தயா நாக்கைக் கடித்துக்கொண்டு குத்திக்கொள்வாள். நான் ஜன்னலுக்கு வெளியே திருமலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அங்கேதான் எனக்கு ஒன்று விளங்கியது. நான் எனக்கு ஒரு வாய் கேட்டேன். கர்த்தர் அது தேவைப்பட்ட என் மகளுக்கு அதைக் கொடுத்துவிட்டார். பிள்ளை பெரியவளானதை எனக்கு முன்னால் அவர் பார்த்திருக்கிறார்.

புண் ஆறியது. காலும் தப்பியது. உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை, அதையும் நான் மறைக்கவில்லை. மேல்பாதத்தில் கொஞ்சம் வந்தது, விரல்களில் வரவேயில்லை. தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், செருப்பில்லாமல் ஓர் அடியும் வைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

"கோயிலுக்குள்ளயுமா சார்?"

"எந்தக் கோயிலா இருந்தாலும் சரி. மலை ஏற வர்றவங்களுக்கும் இதேதான் சொல்றேன். அவங்க கேக்கறதில்லை. நீயாவது கேளு."

திருப்பதியிலேயே ஒருவரிடம் மெத்தென்று கம்பளித் துணி வைத்துத் தைத்த செருப்பு வாங்கினோம். அது கோயிலுக்கென்றே வைத்தது, தெருவில் பட்டதில்லை. முதல் ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தாள். கோயிலே அவள் காலைப் பார்த்தது. ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஆசீர்வாதம் வந்து மறித்துக்கொண்டார்.

"இன்னா பொண்ணே இது? அன்னிக்கு உன்னை மெச்சிக்கினேன். இன்னிக்கு அப்பன் வீட்டுக்குள்ள செருப்போட வரியே?"

நான் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். அவள் பயப்படவில்லை.

"மூப்பரே, அன்னிக்கு எனக்குச் சுடலை. கால் செத்துக்கினு இருந்துச்சு, அது விசுவாசம் இல்ல. வேதத்துல, கெட்டுப்போய்த் திரும்பி வந்த மகனுக்கு அப்பா இன்னா பண்ணாரு? காலுக்குச் செருப்பு போடச் சொன்னாரா இல்லியா? அவன் அதோடதானே அப்பன் வீட்டுக்குள்ள வந்தான்?"

மூப்பர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த வாயி உனக்கு எங்கிருந்து வந்துச்சி? உங்க அம்மா பேசி நான் பார்த்ததேயில்லியே" என்றார். எனக்குத் தெரியும் எங்கிருந்து வந்தது என்று.

தயா இன்றைக்கும் திருப்பதியில் குடும்பமாக இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில், தாத்தாக்கள் பெஞ்சில் யாராவது சின்னப் பிள்ளை பயந்து உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கால்ல எறும்பு ஊறுதா கண்ணு? அதை உள்ள போய் நீயே சொல்லணும்" என்பாளாம்.

அருமையானவர்களே, நீங்களும் கேளுங்கள். கேட்டது கேட்ட இடத்தில் வராவிட்டால் வரவில்லை என்று எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் திரும்பிப் பாருங்கள், அங்கே வந்திருக்கும்.

இன்னும் ஒன்று. அடுத்த பெரிய வெள்ளிக்கிழமை நாங்கள் வெளியே வந்தபோது, வாசலிலிருந்து வேப்பமரம் வரைக்கும் கல்லின் மேல் கோணிச்சாக்கு விரித்திருந்தது. மூப்பர் குடத்தோடு நின்று அதன் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சாக்கு மட்டும் வருஷா வருஷம் விரிக்கிறோம். ஏன் என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்தத் தடவை அதில் நீங்கள் கால் வைக்கும்போது சில்லென்று இருக்கும். அப்படி உங்கள் காலுக்குத் தெரிகிறதல்லவா, அதற்கு ஒரு தோத்திரம் சொல்லிவிட்டு நடங்கள்.