மகள் வந்துபோகும் விமானம்

சிவநாயகி ஒஸ்லோ விமான நிலையத்தில் விமானங்களின் உட்புறத்தைத் துப்புரவு செய்பவர். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். கணவர் இறந்தபின் நகரின் ஹவுகன்ஸ்டுவா பகுதியில் ஒரு அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். நோர்வேயில் பிறந்த ஒரே மகள் மிதுனா, வளைகுடா விமான நிறுவனம் ஒன்றில் பணிப்பெண்.

அந்த நிறுவனம் ஒஸ்லோவுக்கு நேரடியாகப் பறந்த காலத்தில் மிதுனாவுக்கும் இடைக்கிடை அந்தப் பாதை கிடைத்தது. மறுநாள்தான் திரும்பவேண்டும். அதனால் விடுதிக்குப் போகாமல் ரயிலேறி வீட்டுக்கு வந்துவிடுவாள். குளித்து, சாப்பிட்டு, சோபாவிலேயே உறங்கிப்போவாள். சிவநாயகி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அருகில் இருப்பார். பெரிதாக ஒன்றும் கதைப்பதில்லை. வீட்டில் இன்னொருவர் மூச்சுவிடும் சத்தமே அவருக்குப் போதுமாக இருந்தது.

அந்த நிறுவனம் இன்னும் பல பறப்புகளை நடத்த விரும்பியது. நோர்வே அரசாங்கம் அனுமதி கொடுக்கவில்லை. ஆகவே வளைகுடாக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். வியன்னாவில் இருந்த ஐரோப்பிய நிறுவனம் ஒன்றில் பங்கு வாங்கினார்கள். இனிப் பயணிகள் பெரிய விமானத்தில் வியன்னாவரை வந்து, அங்கிருந்து அந்த நிறுவனத்தின் சிறிய விமானத்தில் ஒஸ்லோவுக்கு வரலாம். நேரடிப் பறப்பு நின்றுபோனது.

“அப்ப நீ இனி இஞ்சை வரமாட்டியே?” என்று சிவநாயகி தொலைபேசியில் கேட்டார்.

“லீவு கிடைச்சா வருவன் அம்மா.”

அந்தக் குளிர்காலம் முழுவதும் லீவு கிடைக்கவில்லை. சிவநாயகி சனி, ஞாயிறுகளிலும் வேலை கேட்டு வாங்கினார். உடன் வேலை செய்யும் லித்துவேனியப் பெண் யூலியா, “வீட்டில் உன்னை யாரும் தேடமாட்டார்களா?” என்று கேட்டாள். சிவநாயகி இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார்.

பனி கரையத் தொடங்கியபோது மிதுனா அழைத்தாள். “அம்மா, நான் வியன்னாக் கொம்பனிக்கு மாறுறன். எங்கடை ஆக்கள் அதிலை பங்கு வாங்கினதாலை மாற விட்டவை. ஒஸ்லோவுக்கு அடிக்கடி வருவன்.”

சிவநாயகி அன்றே ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக்குப் போய்ப் புதிய தலையணை ஒன்று வாங்கிவந்தார். அடுத்த அழைப்பில்தான் மிச்சம் தெரிந்தது. சிறிய விமானம் ஒஸ்லோவில் இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் வியன்னாவுக்குத் திரும்பிவிடும். பணியாளர்கள் இறங்குவதில்லை. மிதுனா இரவில் தங்குவது வியன்னாவில்தான்.

மகள் வந்த முதல் நாள், “அந்த விமானத்துக்கு நான் போகிறேன்” என்று யூலியாவிடம் சொல்லிவிட்டுப் பின்படிகளால் ஏறினார். பயணிகள் இறங்கிவிட்டிருந்தார்கள். புதிய சீருடையில் மிதுனா கடைசி வரிசையருகே நின்றாள்.

“சாப்பிட்டனியே?”

“பாண் சாப்பிட்டன்.”

“மெலிஞ்சுபோனாய்.”

“இந்த உடுப்பிலை அப்பிடித்தான் தெரியும்.”

இருவருக்கும் வேலை இருந்தது. சிவநாயகி இருக்கைப் பைகளிலிருந்து குப்பையை எடுத்தபடி முன்னே நடந்தார். மிதுனா எதிர்ப்பக்கத்தில் இருக்கைப் பட்டிகளை ஒழுங்காக மடித்து வைத்தபடி கூடவே வந்தாள். முழங்கால் வலி குறைந்ததா என்று அவள் கேட்டாள். குறைந்துவிட்டது என்று சிவநாயகி பொய் சொன்னார். வியன்னா அறை குளிரா என்று அவர் கேட்டார். இல்லை என்று அவளும் சொன்னாள். அதற்குள் முன்வாசல் வந்துவிட்டது.

“அம்மா, ஆக்களை ஏத்தப்போறம்.”

“ஓம். போயிட்டு வா,” என்றார் சிவநாயகி. ஆனால் இறங்கிப் போகவேண்டியவர் அவர்தான். குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்படிகளால் இறங்கினார்.

கீழே நின்ற வான் வண்டிக்குள் யூலியா ஒதுங்கி இடம் கொடுத்தாள். “மகளோடு பேசினாயா?”

“பேசினேன்.”

மிதுனாவின் விமானம் மேலெழும்பியபோது, சிவநாயகி வேறொரு விமானத்தில் யாரோ கொட்டிய தோடம்பழச்சாற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.