கொடியில் காய்ந்த தாள்

காஜா பேராங் குடியிருப்பில் எங்கள் வாசலில் நிற்கும் தம்பியின் டாக்சிக் கதவில் யாரோ நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தம்பி அதன்மேல் சுடுதண்ணீரில் நனைத்த துணியைப் போட்டான். மரவள்ளிப் பசை ஊறும் வாடை எழுந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் அப்பா ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கறுப்புக் காரை ஓட்டினார். வண்டி ஓட்டுவதற்கான அனுமதித் தாளைச் சிப்பாய்கள் இதே மரவள்ளிப் பசையால் கதவிலேயே ஒட்டினார்கள். அது இல்லாத வண்டிக்காரனைப் பிடித்துப் போவார்கள். அப்பாவுக்கோ பசை காரின் சாயப்பூச்சைத் தின்றுவிடும் என்ற கவலை. ஒரு நாள் காலை ஈரத்துணியால் ஊறவைத்து, நகம் படாமல் தாளை உரித்து, எங்கள் பாவாடைகளோடு கொடியில் காயப் போட்டார். மிச்சப் பிசினில் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தார்.

"பிள்ளைங்க தலைக்கு எண்ணெய் இல்ல, காருக்குத் தேய்க்கிறாரு தொரை," என்றாள் அம்மா.

"காஞ்சதும் கண்ணாடியில ஒட்டிடுவேன், புள்ள. கண்ணாடிக்கு ஏது சாயம்?" என்று அப்பா சிரித்தார்.

தாள் காய்வதற்குள் சிப்பாய்கள் வந்துவிட்டார்கள். நான் கொடியிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அப்பாவை ஏற்றிய லாரி செமாபோக் பக்கம் திரும்பிவிட்டது. அவர் வரவேயில்லை. கார்க் கதவில் ஒரு கீறல்கூட இல்லை.

"அக்கா, இன்னும் ஊறணுமா?" என்றான் தம்பி.

"கத்திய எடுத்துச் சுரண்டுடா. சாயம் போனா போகட்டும்."